பொழிமுகப் படகுச் சவாரியில் முதுகெலும்பு முறிவு: பொறுப்பு யாருடையது, எங்கே வழக்கிடுவது?

மார்த்தாண்டத்துத் தம்பி:

எங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஆறு கடலில் சேரும் பொழிமுகம் ஒன்றில் தனியார் ஒருவர் நடத்தும் படகுச் சவாரிக்குக் கடந்த மே மாதக் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு போயிருந்தோம். தலைக்கு 400 ரூபாய் வாங்கினார்கள். உயிர்காப்பு உடுப்பு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் மூத்த அக்காளையும் அவர் மகளையும் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில் உள்ள முன்பலகையில் உட்காரச் சொன்னார்கள். ஆற்றுக்குள் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய படகை, கடலையும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று சொல்லி, ஓட்டியவர் அலைத்திரை உடையும் இடம்வரை வேகமாகக் கொண்டுபோனார். ஒரு திரையின்மேல் ஏறிய படகு அடுத்த கணமே தண்ணீரில் அறைந்து விழுந்தது. படகு கவிழவில்லை, யாரும் நீரில் விழவும் இல்லை. ஆனால் அக்காளால் எழுந்து நிற்க முடியவில்லை.

இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் கட்டை நசுங்கி உயரம் குறைந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. அறுவை வேண்டாம், மூன்று மாதம் இடுப்புப்பட்டை போட்டுப் படுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அக்காள் முந்திரி ஆலையில் தோலுரிக்கும் வேலை செய்பவர். நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து செய்யும் அந்த வேலைக்கு இனித் திரும்ப முடியுமா என்பதே சந்தேகம்.

படகு நடத்துபவர் மூன்று காரணங்களைச் சொல்லிக் கையை விரிக்கிறார். பயணம் பயணியின் சொந்தப் பொறுப்பில் என்று டிக்கெட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கிறதாம். அக்காள் படம் எடுப்பதற்காக எழுந்து நின்றாராம். அவர் எழவே இல்லை என்று உடனிருந்த மகள் உறுதியாகச் சொல்கிறாள். படகு கவிழாததால் இது விபத்தே இல்லையாம். காவல் நிலையத்திலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது. சாலை விபத்துக்கு இருப்பதுபோல இதற்குத் தீர்ப்பாயம் உண்டா, யார்மீது வழக்கிடுவது, எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாகர்கோவில் வழக்குரைஞர்:

அக்காள் விரைவில் நலம்பெற வேண்டும். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தவறாக எண்ணிக்கொண்டு காலத்தைக் கடத்துவது அங்கேதான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாலையில் ஓடத் தகுந்த வாகனங்களுக்கு மட்டுமே உரியது. படகு அதற்குள் வராது. சாலை விபத்தில் இருப்பதுபோல யார் தவறு என்று பாராமல் குறிப்பிட்ட தொகையைத் தரும் ஏற்பாடும் படகுப் பயணிக்கு இல்லை. ஆகவே கவனக்குறைவை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போடலாம். மூன்று ஆண்டுகள் வரை காலம் உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் கோரும் தொகையில் நூற்றுக்கு 3 வீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை நாடலாம்; சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 22அ பிரிவு நீர்வழிப் பயணிப் போக்குவரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று சொல்வதால், 1 கோடி ரூபாய்க்கு உட்பட்ட பிணக்கை அங்கே கொண்டுபோகலாம். வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே போக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. உல்லாசச் சவாரி அந்தப் பிரிவுக்குள் அடங்காது என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு.

நான் உங்களுக்குச் சொல்வது மூன்றாவது வழி, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய சட்டத்தில் நீங்கள் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்று முடிவு செய்வார்கள். இப்போது சேவைக்காக நீங்கள் கொடுத்த விலை மட்டுமே கணக்கு. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. உங்கள் அக்காள் கொடுத்தது 400 ரூபாய். அவர் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டாலும் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் நாகர்கோவிலிலேயே கேட்கலாம். இந்த முறையைச் செல்லாததாக்க வேண்டும் என்று கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஏற்கவில்லை. பெரிய தொகைக்குப் பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதில் மனக்குறை இருக்கலாம். சிறு தொகைக்குச் சீட்டு வாங்கி உடல் முடங்கியவர்களுக்கு இது பெரிய வசதி. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காவல் நிலையத்தில் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம். மனித உயிருக்கு ஆபத்து விளைக்கும்படியோ காயம் உண்டாகும்படியோ ஒரு கலத்தை அசட்டையாகச் செலுத்துவதையே இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 282ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அது கவிழ வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும் என்பதால் 125ஆம் பிரிவும் பொருந்தும். மனுவை வாங்க மறுத்தால் பதிவஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

குளச்சல் வாசகர்:

எங்களிடம் டிக்கெட்டே கிடையாது, பணம் கொடுத்தால் கையில் ஒரு வளையம் மாட்டிவிடுவார்கள் என்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே எதைக் காட்டுவது?

நாகர்கோவில் வழக்குரைஞர்:

அலைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே போதும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அன்றைக்கு எடுத்த படங்களையும் உடன் வந்தவர்களின் உறுதியாவணங்களையும் வைத்து மெய்ப்பிக்கலாம். வளையத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

படகுக் காப்பீட்டு உரிமைகோரல்களை ஆய்வு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்தக் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. படகு விபத்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை மூழ்கிய படகுகள்தாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேர், 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். தானூரில் மூழ்கியது சுற்றுலாப் படகாக மாற்றியமைக்கப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு. இவற்றையொட்டி எழுந்த பேச்செல்லாம் ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையையும் உயிர்காப்பு உடுப்பையும் சுற்றியே நின்றுவிட்டது. அதனால் உடுப்பைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நடத்துபவர்களும் எண்ணிக்கொள்கிறார்கள்.

வேகப் படகின் அணியத்தில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு முதுகெலும்பு நசுங்குவது இத்தொழிலில் நன்கு அறியப்பட்ட காயம். படகு திரையில் ஏறும்போது அணியம்தான் மிக உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. விழும்போது மிக வேகமாக விழுவதும் அதுவே. பின்புறம் எஞ்சினுக்கு அருகில் உட்கார்ந்தவருக்கு ஒரு குலுக்கலாகத் தெரிவது, முன்பலகையில் மெத்தையில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்தவருக்கு இரண்டாள் உயரத்திலிருந்து உட்கார்ந்தவாக்கில் விழுந்ததுபோல இறங்கும். காலை ஊன்றி முழங்காலை மடக்கி நிற்பவருக்கு அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு அதை வாங்க முதுகெலும்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அக்காள் எழுந்து நின்றிருந்தால் பெரும்பாலும் கணுக்காலோ முழங்காலோ மணிக்கட்டோ உடைந்திருக்கும், அல்லது கடலில் விழுந்திருப்பார். முதல் கட்டை நசுங்கியிருப்பதே அவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு ஒரு சாட்சி. இதை எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

அடுத்ததாக, அந்தப் படகுக்கு எந்த நீர்ப்பகுதியில் ஓட அனுமதி என்று பாருங்கள். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் பூட்டிய கலங்களுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. நீர்ப்பகுதிகளை அலை உயரத்தைக் கொண்டு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த மண்டலத்துக்குச் சான்று வாங்கியதோ அதற்குள்தான் படகு ஓட வேண்டும். ஆற்றுக்குள் ஓடச் சான்று வாங்கிய படகைப் பொழி தாண்டித் திரைக்குள் கொண்டுபோயிருந்தால், ஓட்டியவர் வேகமாக ஓட்டினாரா மெதுவாக ஓட்டினாரா என்ற விவாதமே பின்னுக்குப் போய்விடும்.

படகு வைத்திருப்பவன்:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். நானும் இந்த மாவட்டத்தில்தான் இரண்டு படகுகள் வைத்துத் தொழில் செய்கிறேன். மேலே சொல்லப்பட்ட படகு என்னுடையதன்று. உட்காருங்கள் என்று பத்து முறை சொன்னாலும் செல்பேசியை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்பவர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள், கடல்வரை போங்கள் என்று கேட்பதும் பெரும்பாலும் பயணிகள்தாம். மறுத்தால் அடுத்த முறை பக்கத்துப் படகுக்குப் போய்விடுவார்கள். குத்தகைப் பணம், டீசல், இரண்டு ஆட்களின் கூலி, ஆண்டுக்கொரு முறை சான்று என்று எல்லாம் போக மிஞ்சுவது சிறு தொகைதான். ஒரு காயத்துக்கு 20 லட்சம் கட்ட வேண்டும் என்றால் படகை விற்றாலும் தீராது. பயணிக்கும் ஒரு பொறுப்பு வேண்டாமா?

நாகர்கோவில் வழக்குரைஞர்:

நேர்மையான கேள்வி. பயணிக்கும் பொறுப்பு உண்டு. சட்டம் அதை மறுக்கவில்லை. சொன்ன பிறகும் எழுந்து நின்று விழுந்தவர் என்றால், காயத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைப்பார்கள். ஆனால் அவர் எழுந்தார் என்பதைச் சொல்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பத்து முறை சொன்னோம் என்பதைவிட, கிளம்புமுன் பயணிகளிடம் சொல்லப்படும் விதிகளை ஒரு பலகையில் எழுதிவைத்திருந்தோம், அணியத்தில் யாரையும் உட்காரவைப்பதில்லை, ஒருவர் எழுந்தால் எஞ்சினைத் தணித்துவிடுவோம் என்று காட்டுவது உங்களுக்கு வலிமை தரும்.

பயணி கேட்டதால் கடலுக்குள் போனோம் என்பது மட்டும் எடுபடாது. கடலைப் பற்றி அறிந்தவர் சுக்கானைப் பிடித்திருப்பவர். பயணிக்கு அது தெரியாது என்பதால்தான் அவர் பணம் கொடுத்து ஏறுகிறார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள், கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்தப்படுகின்றன. வரிசையில் நிற்கும் ஆயிரம் பேர் கேட்டாலும் அவை கிளம்புவதில்லை. கவனமுள்ள ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே கண்ணெதிரில் இருக்கும் அளவுகோல் அது. தம்பி, விபத்து நடந்த நாளில் பாறைப் படகுகள் நிறுத்தப்பட்டிருந்தனவா, கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கிவரும் பேரலை) எச்சரிக்கையோ மீனவர்களுக்கான எச்சரிக்கையோ இருந்ததா என்று அன்றைய நாளிதழ்களில் தேடுங்கள். இருந்தால் அந்தச் செய்தியை வெட்டி வையுங்கள்.

இனி டிக்கெட்டின் பின்புறம். பணம் கொடுத்த பிறகு கையில் திணிக்கப்படும் சீட்டில், படிக்க முடியாத எழுத்தில் அச்சிட்ட ஒரு வரி ஒப்பந்தமாகிவிடாது. அப்படியே ஆனாலும், பேரம் பேச வழியற்ற ஒருவர்மீது சுமத்தப்பட்ட நியாயமற்ற நிபந்தனை பொதுக்கொள்கைக்கு எதிரானது, செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது. தற்செயலாக அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றது மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம். பிரச்சினை என்னவோ படகைப் பற்றியதன்று, ஊழியரை வேலைநீக்கம் செய்யும் விதியைப் பற்றியது. அலை அடிக்கும், நனைவோம், தலை சுற்றும் என்பதைப் போன்ற இயல்பான இடர்களைப் பயணி ஏற்றுக்கொண்டார் என்று வாதிடலாம். ஓட்டுபவரின் அசட்டையை அவர் ஏற்றுக்கொண்டார் என்று வாதிட முடியாது.

உங்கள் கடைசிக் கவலைக்கு விடை காப்பீடுதான். உங்களிடம் இருக்கும் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். படகின் உடலுக்கும் எஞ்சினுக்கும் மட்டும் எடுத்த பத்திரம் பயணியின் காயத்துக்கு ஒரு ரூபாயும் தராது. கட்டணப் பயணிகளுக்கான பொறுப்பு அதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். மீன்பிடிக்கு என்று பதிந்த வள்ளத்தில் சுற்றுலாப் பயணியை ஏற்றினால், பத்திரம் இருந்தும் காப்பீட்டு நிறுவனம் கைவிட்டுவிடும்.

படகு வைத்திருப்பவன்:

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். படகுக்கும் எஞ்சினுக்கும் மட்டும்தான் இருக்கிறது. முகவர் இதைச் சொல்லவே இல்லை.

தூத்தூர்க் கடலோடி:

எங்கள் பகுதியில் நிலைமை வேறு. திருவிழாவுக்கு வரும் உறவினர்களை வள்ளத்தில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கம். யாரும் காசு வாங்குவதில்லை. அதில் ஒருவருக்கு அடிபட்டால் என்ன ஆகும்? ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் எங்கள் விசைப்படகுகளின்மேல் சரக்குக் கப்பல் மோதினால் யாரைப் பிடிப்பது என்பது இன்னொரு கேள்வி. 2018 ஆகஸ்டில் கேரளக் கரைக்கு அப்பால் அப்படி ஒரு மோதலில் நம் மாவட்டத்து மீனவர்கள் பலரை இழந்தோம்.

சென்னையில் இருக்கும் குமரிக்காரன்:

கப்பல் சட்டம் படித்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். காசு வாங்காத சவாரியில் காயம்பட்டவர் நுகர்வோர் ஆகமாட்டார். அந்தக் கதவு மூடியிருக்கும். ஆனால் ஓட்டியவருக்கு அவர்மேல் கவனம் செலுத்தும் கடமை இல்லாமல் போய்விடாது, ஆகவே உரிமையியல் வழக்கு நிற்கும். மீன்பிடி வள்ளத்தின் காப்பீடு விருந்தாளியைக் காக்காது என்பதால், தீர்ப்பு வந்தால் அண்ணனோ மச்சானோ சொந்தக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டிவரும். உறவுக்குள் வழக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள், அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் அதில் கிடைக்கும், தண்ணீரில் மூழ்கி இறப்பதும் அதற்குள் வரும். பதிவுபெற்ற மீனவர்களுக்கு மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் உள்ள குழுக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு.

சரக்குக் கப்பல் மோதியது என்றால், கப்பலையே பிடிக்கலாம். 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டப்படி, கப்பலை இயக்கியதால் நேர்ந்த உயிரிழப்புக்கும் காயத்துக்குமான கோரிக்கைக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கப்பலைத் தடுத்து நிறுத்த ஆணையிட முடியும். மாலுமிகளின் ஊதியத்துக்கு அடுத்த முன்னுரிமை இந்தக் கோரிக்கைக்குத்தான். கப்பலுக்குக் கடன் கொடுத்த வங்கிகூட அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் கப்பல் நம் துறைமுகத்தில் நிற்கும்போதே பிடித்தாக வேண்டும் என்பதால் இது மணிக்கணக்கில் முடிவாகும் வேலை. மோதிய நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கப்பலின் நிறமும் பெயரும் ஆகியவற்றைத் தப்பியவர்கள் வயர்லெஸ்ஸில் உடனே சொல்லிவிட்டால், கப்பல்களின் தானியங்கி அடையாளப் பதிவை வைத்து எந்தக் கப்பல் என்று கண்டுபிடித்துவிடலாம். உங்கள் படகிலும் அந்த அடையாளக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்றால் வழக்கு இன்னும் வலுப்பெறும்.

இறந்தவருக்காக யார் கேட்கலாம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக மட்டுமே வழக்கை அனுமதிக்கிறது. இறந்தவரை நம்பியிருந்த தங்கைக்கும் தம்பிக்கும் அதில் இடமில்லை. இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று கிடைக்காமல் ஆண்டுகள் ஓடும் கொடுமை ஒக்கிப் புயலுக்குப் பிறகு உங்கள் ஊருக்கு நன்றாகவே தெரியும்.

தக்கலை ஆசிரியை:

நான் பள்ளியில் சுற்றுலாவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். திற்பரப்புக்கும் கன்னியாகுமரிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறோம். மேலே டிக்கெட்டைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வருகிறது.

நாகர்கோவில் வழக்குரைஞர்:

டீச்சர், அந்தக் கடிதம் பெற்றோருக்குச் சுற்றுலா பற்றித் தெரியும் என்பதற்குச் சான்றாகும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. குழந்தையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே கைவிட முடியாது. 1995இல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், உடன்போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று கூறி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படகில் ஏற்றுவதற்கு முன் ஆய்வுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சான்றில் உள்ள எண்ணிக்கைக்குமேல் ஒரு பிள்ளையையும் ஏற்றவிடாதீர்கள். உடுப்பின் வாரைக் கட்டியிருக்கிறார்களா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். இவற்றைச் செய்ததற்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது பெற்றோரின் கையெழுத்தைவிடப் பள்ளிக்குப் பயன்படும்.

மார்த்தாண்டத்துத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். படகுத்துறையைக் குத்தகைக்கு விட்ட உள்ளாட்சி அமைப்பு, குத்தகை ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்திருக்கிறது. அதில் பொழிமுகத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி தெளிவாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஆய்வுச் சான்றை அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. காட்டப்பட்டதற்குப் பதிவு இல்லை என்று பதில் வந்திருக்கிறது. முதலில் போன தனியார் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் குறிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அக்காளைக் காட்டி, படகில் அடிபட்டது என்று பதியவைத்து, அந்தப் பதிவின் (ஏ.ஆர்.) நகல் வாங்கியிருக்கிறோம். எலும்பு மருத்துவரும் உட்கார்ந்த நிலையில் நேர்ந்த காயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் படகு நடத்துபவரிடமிருந்து ஆள் வந்தது. 15,000 ரூபாயைக் கையில் கொடுத்து, இனிமேல் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அத்தான் வாங்கிவிடலாம் என்கிறார். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். இதை வாங்கினால் வழக்கு போய்விடுமா? உள்ளாட்சி அமைப்பையும் சேர்க்க வேண்டுமா? ஆலை வேலை போனதால் வரும் ஊதிய இழப்புக்கு எவ்வளவு கேட்பது?

நாகர்கோவில் வழக்குரைஞர்:

அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டாயத்தால் போட்டோம் என்று பிறகு வாதிடலாம்தான். ஆனால் வழக்கின் முதல் ஓராண்டு அந்த வாதத்திலேயே கழிந்துவிடும். பணம் கொடுக்க அவர்களுக்கு உண்மையில் விருப்பம் இருந்தால், மருத்துவச் செலவுக்கு முன்பணம், பிற உரிமைகள் பாதிக்கப்படாது என்று ஒரு வரி எழுதி, ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அதற்கு ஒப்பமாட்டார்கள் என்பது என் அனுபவம். அத்தானின் நெருக்கடிக்கு வேறு வழி இருக்கிறது. அக்காள் வேலை செய்யும் ஆலையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம் 91 நாள்வரை பெறலாம். வேலை நேரத்தில் அடிபட வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. நாளைக்கே கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உள்ளாட்சி அமைப்பைச் சேர்க்கத்தான் வேண்டும். பொழி தாண்டக் கூடாது என்று விதி போட்டதிலிருந்து அந்த ஆபத்து அதற்குத் தெரியும் என்று ஆகிறது. விதியை யாரும் கண்காணிக்கவில்லை என்று அதன் பதிலே சொல்கிறது. டிக்கெட் பணத்தில் அதற்கு நேரடிப் பங்கில்லை, ஆகவே நாங்கள் சேவை வழங்குநர் இல்லை என்று அது வாதிடும். ஆணையம் அதை ஏற்கவும் கூடும். அப்படி விடுவிக்கப்பட்டாலும் மற்றவர்கள்மீதான கோரிக்கை நிற்கும். படகின் உரிமையாளர், ஓட்டியவர், குத்தகைதாரர் மூவரும் வேறு வேறு ஆட்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஓட்டியவரின் பிழைக்கு அவரை வேலைக்கு வைத்தவர் பொறுப்பு. காப்பீட்டு விவரத்தைக் கேட்டு வழக்கறிவிப்பிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். பதில் வராவிட்டால் காப்பீடு இல்லை என்று கொள்ளும்படி ஆணையத்திடம் கேட்கலாம்.

தொகையைப் பற்றி. மருத்துவர் ஊனச் சான்றில் நூற்றுக்கு 15 அல்லது 20 என்று எழுதக்கூடும்; அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். உடலின் ஊன விகிதமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கில் விரிவாக விளக்கியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு அந்த 20 சிறிய இழப்பாக இருக்கலாம். குனிந்து உட்கார்ந்தே முந்திரி உரிக்க வேண்டிய ஒருவருக்கு அது வேலையையே பறித்துவிடுகிறது. ஆலையில் அவர் என்ன வேலை செய்தார், எப்படி உட்கார்ந்து செய்தார், மாற்று வேலை உண்டா என்பதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கடந்த ஓராண்டின் ஊதியச் சீட்டுகளும் வேண்டும். வீட்டில் அவர் செய்துவந்த வேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று 2021இல் வந்த தீர்ப்பையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

வழக்குரைஞர் வைக்கப் பணம் இல்லையென்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக வழக்குரைஞரை நியமிப்பார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் படகை இப்போதே படம் எடுத்து வையுங்கள்: முன்பலகை, அதில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பது, எஞ்சினின் குதிரைத்திறன் எழுதிய தகடு, உடலில் எழுதிய பதிவெண். வழக்கறிவிப்பு போன மறுநாளே முன்பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

மார்த்தாண்டத்துத் தம்பி:

நேற்று மாலையே போய் எடுத்துவிட்டேன். கம்பி இல்லை. பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாக நீலச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஆனால் அக்காள் மகள் கிளம்புமுன் எடுத்த படத்தில் எண் தெளிவாகத் தெரிகிறது. முத்திரைத்தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டோம். திங்கள்கிழமை அக்காளின் கையொப்பத்தோடு வழக்கறிவிப்பு மூவருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் பதிவஞ்சலில் போகிறது.